அணு உதவியின் ஆயுட்காலம்

வியன்னாவில் கூடும் சர்வதேச அணுசக்தி முகமையின் பொது மகாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பிரதிநிதிகளே,

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில், டான்யூப் நதிக்கரையில் உள்ள வியன்னா மாநகரில், பூமியின் எல்லாத் திசைகளிலுமிருந்து தாங்கள் வந்து கூடி, அணுசக்தியைச் சமாதான காரியங்களில் பிரயோகிப்பது குறித்துப் பிரசங்கங்கள் நிகழ்த்தித் தீர்மானங்கள் நிறைவேற்றிவிட்டு அவரவர் தேசத்துக்குத் திரும்புகிறீர்கள். அந்தத் தீர்மானங்களுள் ஒன்று, வளர்ந்து வரும் நாடுகளுடன் நடத்தப்படும் தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான நிதி போதுமானதாகவும், நிச்சயமானதாகவும், முன்கூட்டியே கணிக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்று சொல்லுகிறது. சொல்லும் விஷயம் நல்லதே. ஆயினும் ஒரே விஷயத்தை ஆண்டுக்கு ஆண்டு திரும்பச் சொல்ல நேர்வதே, அது இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பதற்குப் போதிய சாட்சியாகும்.

இம்மடலை எழுதுகிறவன் விஞ்ஞானியல்லன். எந்த அரசாங்கத்தின் சார்பிலும் பேசுகிறவனல்லன். அணுவின் பெயரால் செய்யப்பட்ட வாக்குறுதிகளின் சரித்திரத்தை ஒரு சாதாரணப் பிரஜை என்ற முறையில் படித்து வருகிறவன். அச்சரித்திரத்திலிருந்து எனக்குத் தெளிவாகும் ஒரே யோசனையைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஏழை நாடுகளுக்குச் செய்யப்பட்ட அணு உதவிகளுள் நற்பலன் தந்தவை பெரும்பாலும் இடையறாது தொடர்ந்தவை. பாழாய்ப் போனவை பெரும்பாலும் நடுவில் அறுந்தவை, அல்லது தொடர்ச்சியைப் பற்றிச் சிந்தியாமலே தொடங்கப்பட்டவை. ஆகவே எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பதற்கு முன்பாக, எத்தனை காலம் உடன் நிற்கப் போகிறோம் என்ற கேள்வியைத் தாங்கள் கேட்டாக வேண்டும்.

ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் தோன்றி, அணுவைச் சமாதானத்துக்காக உபயோகிக்கும் பொருட்டு ஒரு சர்வதேச ஸ்தாபனம் வேண்டும் என்று பேசினார். 1955 ஆகஸ்டில் அதே நோக்கத்தோடு ஜினீவாவில் கூடிய முதல் விஞ்ஞான மகாநாட்டுக்கு எங்கள் தேசத்து விஞ்ஞானி ஹோமி பாபா தலைமை வகித்தார். அதுவரை இரகசியமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஆராய்ச்சி முடிவுகள் பலவற்றை, ஒருவரையொருவர் நம்பாத இரண்டு முகாம்களின் விஞ்ஞானிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் வெளியிட்டார்கள். 1957 ஜூலை 29-ஆம் தேதி தங்கள் முகமையின் சாசனம் அமலுக்கு வந்தது. உலகத்தின் சமாதானத்துக்கும் சுகாதாரத்துக்கும் செல்வச் செழிப்புக்கும் அணுசக்தி ஆற்றும் துணையை விரைவுபடுத்தி விரிவாக்குவது, அந்தத் துணை ஆயுதமாக மாறிவிடாதபடி காவல் காப்பது என்னும் இரண்டு கடமைகளை அச்சாசனம் ஒன்றாகச் சேர்த்தே முகமையின் மீது சுமத்திற்று. 1970-ல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் இந்த இரட்டைத் தன்மையையே ஒரு பேரமாக உருவாக்கியது: ஆயுதத்தை நாடமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொள்ளும் நாடுகளுக்குச் சமாதான உபயோகத்தில் பறிக்கவொண்ணாத உரிமை உண்டென்றும், அதற்கான சாதனங்களும் அறிவும் இயன்ற அளவு முழுமையாகப் பரிமாறப்படும் என்றும் அதன் நான்காவது விதி உறுதி கூறுகிறது. என் தேசம் அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதை நான் மறந்துவிடவில்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன்.

இடையறாது தொடர்ந்த உதவிக்கு என் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு, அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, கானடா தேசத்தில் செய்யப்பட்ட ஒரு கோபால்ட் சிகிச்சை இயந்திரம் வந்து சேர்ந்தது. அணு உலையில் பிறக்கும் நியூட்ரான்கள் சாதாரணக் கோபால்ட் உலோகத்தில் பாய்வதால் உண்டாகும் கோபால்ட்-60, உடலுக்குள் ஆழ ஊடுருவும் காமாக் கதிர்களை வெளியிடுவது. கானடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1951 அக்டோபரில்தான் அக்கதிர் முதன் முதலாக ஒரு நோயாளியின் மீது செலுத்தப்பட்டது. ஆறேழு ஆண்டுகளில் அந்த வித்தை கடல் கடந்து, ஓர் ஏழைத் தேசத்தின் இளம் மருத்துவமனையை எட்டியதென்றால், சர்வதேச ஒத்துழைப்பு என்னும் சொற்றொடருக்கு அதைவிடச் சிறந்த உரை வேறில்லை. எங்கள் கிராமத்து ஜனங்கள் 'கரண்டு வைப்பது' என்று இன்றும் சொல்லும் அச்சிகிச்சையை நாடி, தென்னாட்டின் ஊர்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் அடையாற்றுக்கு வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். இயந்திரம் வந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அதை இயக்க வைத்தியர்களும், கதிரின் அளவைக் கணிக்கப் பௌதிக விற்பன்னர்களும், பழுது நீக்கத் தொழில்நுட்பர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிற்றுவிக்கப்பட்டார்கள். டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் பிற்காலத்தில் 'பாபாட்ரான்' என்ற கோபால்ட் இயந்திரத்தைத் தானே வடிவமைத்தது; அவற்றுள் ஒன்றைத் தங்கள் முகமையின் மூலமாக வியட்நாமுக்கு நன்கொடையாக அளிக்கும் நிலைக்கு இந்தியா உயர்ந்தது. கொண்டவர் கொடுப்பவராக மாறுவதற்குச் சுமார் அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அரை நூற்றாண்டும் அறுபடாமல் தொடர்ந்ததனால்தான் அது சாத்தியமாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோபால்ட்-60-ன் வீரியம் ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அப்போது அதே அளவு கதிரைப் பெற நோயாளி இரு மடங்கு நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், நாள் ஒன்றுக்குச் சிகிச்சை பெறுவோரின் எண்ணிக்கை சுருங்கும், வரிசை நீளும். ஆகவே கதிர் மூலத்தை உரிய காலத்தில் மாற்றுவதற்கு ஏற்பாடு செய்யாமல் ஒரு கோபால்ட் இயந்திரத்தைத் தானம் செய்வது, குறுகிய ஆயுளுள்ள ஒரு தானத்தைச் செய்வதேயாகும். உகாண்டா தேசத்தின் கம்பாலா நகரில், அந்நாடு முழுமைக்கும் ஒன்றே ஒன்றாக, 1995-ஆம் ஆண்டு முதல் உழைத்து வந்த இயந்திரம் 2016-ன் முற்பகுதியில் பழுது பார்க்கவும் இயலாதபடி நின்றுவிட்டது. அண்டை நாடுகளிலிருந்தும் நோயாளிகள் நாடி வந்த இடம் அது. புதிய இயந்திரம் வந்தாலும் அதை வைப்பதற்கு, கதிர் வெளியே கசியாத தடித்த சுவர்களையுடைய தக்க அறை ஆயத்தமாக இருக்கவில்லை. ஆதலால் தங்கள் முகமையும் அந்நாட்டு அரசாங்கமும் சேர்ந்து முயன்றும், மறுபடி சிகிச்சை தொடங்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பொருள் வசதியுள்ள சிலரும், உதவி கிடைத்த சிலரும் நைரோபிக்குச் சென்றார்கள். மற்றவர்கள் எங்கே சென்றார்கள் என்று எந்த அறிக்கையும் கணக்குச் சொல்லப்போவதில்லை. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'ரேஸ் ஆஃப் ஹோப்' என்ற பெயரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான திட்டத்தைத் தங்கள் முகமை தொடங்கியபோது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட தேசங்களில் இத்தகைய இயந்திரம் ஒன்றுகூட இல்லை. அத்திட்டம் வெற்றி பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறவர்களுள் நானும் ஒருவன். ஆனால் முதல் இயந்திரத்தின் விழாவைவிட இரண்டாவது கதிர் மூலத்தின் வருகையே அதன் வெற்றிக்கு உண்மையான அளவுகோலாகும் என்று சொல்லத் துணிகிறேன்.

தொடர்ச்சி என்பது என்ன செய்யும் என்பதற்கு, லிபியாவில் நடந்ததைப் போன்ற உதாரணம் வேறு கிடைப்பது அரிது. வெப்ப ரத்தமுள்ள பிராணிகளின் காயங்களில் முட்டையிட்டு, பிறக்கும் புழுக்கள் உயிருள்ள தசையையே தின்னும்படி விடும் ஸ்குரூவார்ம் என்ற ஈ அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. அது எப்படியோ கடல் கடந்து 1988-ல் லிபியாவில் காணப்பட்டபோது, அந்நாட்டின் ஆடு மாடு ஒட்டகங்களுக்கு மட்டுமல்ல, ஆப்பிரிக்கா முழுவதிலும் உள்ள கால்நடைகளுக்கும் வனவிலங்குகளுக்குமே ஆபத்து நேர்ந்தது. அந்த ஈயின் பெண் இனம் பெரும்பாலும் ஒரே முறை கூடுவது. ஆதலால் கூட்டுப்புழுப் பருவத்திலேயே காமாக் கதிர் பாய்ச்சி மலடாக்கிய ஆண் ஈக்களைக் காட்டு ஈக்களைவிட மிகப் பலவாகப் பறக்கவிட்டால், அடுத்த தலைமுறை பிறவாமலே போகும். அமெரிக்க விஞ்ஞானிகளான நிப்ளிங், புஷ்லண்ட் என்பவர்கள் வகுத்த முறை இது. லிபியாவுக்கு வேண்டிய மலட்டு ஈக்கள், மெக்ஸிகோவின் சியாபாஸ் மாகாணத்தில் மெக்ஸிகோவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கூட்டாக நடத்திய ஆலையில் வளர்க்கப்பட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி விமானத்தில் வந்தன. 1986-ல்தான் அமெரிக்க விமானங்கள் திரிபோலியின் மீது குண்டு வீசியிருந்தன என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும். உணவு விவசாய ஸ்தாபனம் முன்னின்று நடத்த, தங்கள் முகமையும் பிற சர்வதேச ஸ்தாபனங்களும் துணை நின்றன. 1990 டிசம்பரில் தொடங்கி, வாரத்துக்கு நான்கு கோடி வரையில், மொத்தம் சுமார் 130 கோடி ஈக்கள் லிபிய வானத்திலிருந்து விடப்பட்டன. கடைசிப் புழுத் தாக்குதல் 1991 ஏப்ரலில் காணப்பட்டது. அத்துடன் நிறுத்தியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும். நிறுத்தவில்லை, அக்டோபர் வரையிலும் தொடர்ந்தார்கள், 1992 ஜூனில் லிபியா அந்த ஈயிலிருந்து விடுபட்டதென்று பிரகடனம் செய்யப்பட்டது.

ஸான்ஸிபாரின் உங்குஜா தீவில் கால்நடைகளுக்கு நகானா வியாதியைப் பரப்பிய ட்ஸெட்ஸே ஈயை ஒழித்ததும் இதே முறையினால்தான். டான்ஸானியாவின் டாங்கா நகரில் வளர்க்கப்பட்டுச் சிறு விமானங்களிலிருந்து விடப்பட்ட மலட்டு ஆண் ஈக்கள் ஏறக்குறைய 85 லட்சம். கடைசிக் காட்டு ஈ பிடிபட்டது 1996 செப்டம்பரில். அதற்கப்பாலும் ஓயாமல் ஈக்களை விட்டுக் கண்காணித்த பிறகே காரியம் முடிந்ததாகக் கருதினார்கள். ஈ ஒழிந்ததென்று தோன்றும் தருணத்தில் கையை எடுத்துவிடாத பொறுமையே இவ்விரண்டு வெற்றிகளுக்கும் மூலாதாரம்.

பசியும் தாகமும் மலேரியாவும் வாட்டும் தேசங்களுக்கு அணு விஞ்ஞானம் ஆடம்பரமல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. தாகத்தையே எடுத்துக்கொள்வோம். நீரின் மூலக்கூறுகளில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் டியூட்டீரியம், ஆக்ஸிஜன்-18 என்னும் ஐசோடோப்புகள் அந்நீர் எந்த மழையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். டிரிட்டியம் அது எவ்வளவு காலத்துக்கு முன் நிலத்தில் இறங்கியது என்பதைச் சொல்லும். 1963-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆகாயத்தில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளின் டிரிட்டியம் உலகத்து மழையிலெல்லாம் கலந்துவிட்டதால், சர்வநாசத்துக்காகச் செய்யப்பட்ட பொருளின் அடையாளமே நிலத்தடி நீரின் வயதைக் கணிப்பதற்குப் பின்னர் பிரயோஜனப்பட்டது. தங்கள் முகமையும் உலக வானிலை ஸ்தாபனமும் 1961 முதல், பல தேசங்களில் மாதந்தோறும் மழைநீரைச் சேகரித்துச் சோதிக்கும் நிலையங்களை இணைத்து ஒரு வலையமைப்பை நடத்தி வருகின்றன. ஒரு மாதத்து மழைநீரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பல்லாண்டுகளின் அளவுகள் சேர்ந்தால்தான் அது அறிவாகிறது. வங்காள தேசத்தில் கோடிக்கணக்கான ஜனங்கள் குடித்து வந்த குழாய்க் கிணறுகளில் ஆர்ஸெனிக் விஷம் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆழத்து நீர் மிகப் பழமையானது, மேல்மட்டத்து விஷநீரோடு எளிதில் கலவாதது என்று அறிய உதவியது இந்த ஐசோடோப் ஆராய்ச்சியே. எங்கே கிணறு தோண்டலாம் என்ற கேள்விக்கு விடை சொல்லும் விஞ்ஞானத்தை ஆடம்பரம் என்று எவரும் ஒதுக்க முடியாது.

விதைகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. கதிர் பாய்ச்சி உண்டாக்கப்பட்ட மாற்றங்களிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த பயிர் ரகங்கள் உலகில் மூவாயிரத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. பாகிஸ்தானத்தின் பைஸலாபாதில் உருவான நயாப்-78 என்ற பருத்தியும், ஆண்டிஸ் மலைச் சாரலில் பெரு நாட்டுக் குடியானவர்கள் விதைக்கும் வாற்கோதுமை ரகங்களும் அவற்றுள் அடங்கும். ஒரு ரகம் வயலுக்கு வருவதற்குப் பல பயிர்ப்பருவங்கள் பொறுமையோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டி அப்பாற் செல்கிறேன்.

இயந்திரம், ஈ, நீர், விதை ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் மனிதன் இருக்கிறான். அவனே இந்த ஒத்துழைப்பில் மிகவும் எளிதாக இழக்கப்படுகிறவன். பஞ்சாபின் ஜங் நகரைச் சேர்ந்த பௌதிக விஞ்ஞானி அப்துஸ் ஸலாம், கேம்பிரிட்ஜில் பயின்று 1951-ல் லாகூருக்குத் திரும்பியபோது, தம் துறையில் பேசுவதற்கு ஒரு துணையும், படிப்பதற்குப் புதிய சஞ்சிகைகளும் இன்றித் தனிமையில் தவித்து, 1954-ல் மீண்டும் இங்கிலாந்துக்கே போக நேர்ந்தது. தேசத்தை விட்டால் விஞ்ஞானம், விஞ்ஞானத்தை விட்டால் தேசம் என்ற அந்தக் கொடிய நிர்ப்பந்தம் தமக்குப் பின் வருகிறவர்களுக்கு நேரக்கூடாது என்று கருதிய அவர், 1960-ல் தங்கள் பொது மகாநாட்டிலேயே ஒரு சர்வதேசப் பௌதிக மையம் வேண்டுமென்ற யோசனையை முன்வைத்தார். வசதி படைத்த நாடுகள் சில அதை ஏளனமாகப் பார்த்தன. இத்தாலி இடமும் பொருளும் கொடுக்க முன்வந்தது. 1964-ல் டிரியெஸ்ட் நகரில் மையம் எழுந்தது. அங்கே அவர் செய்த ஏற்பாடுகளுள் மிகவும் புத்திசாலித்தனமானது, ஏழை நாட்டு விஞ்ஞானி ஒருவர் தம் நாட்டிலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்குள் பலமுறை டிரியெஸ்டுக்கு வந்து, சில வாரங்களோ மாதங்களோ தங்கிப் போகலாம் என்பதாகும். உபகாரச் சம்பளம் கொடுத்து ஒருவரை அழைத்துக்கொள்வது எளிது. அவர் திரும்பிச் சென்ற பின்னும் அவரைக் கைவிடாதிருப்பதுதான் கடினம். ஸலாம் அந்தக் கடினமான காரியத்துக்கே வழி செய்தார்.

இனி, அறுந்த கதைகளைச் சொல்லாவிட்டால் இம்மடல் ஒருதலைப்பட்சமாகிவிடும். கானா தேசத்தில் ஜனாதிபதி நிக்ருமா 1964-ல் அக்ரா நகருக்கு அருகே குவாபெனியாவில் அணு உலைக்கு அடிக்கல் நாட்டினார்; 1966 பிப்ரவரியில் இராணுவப் புரட்சி வந்தது; அந்த முயற்சி நின்றது; அந்நாடு ஓர் ஆராய்ச்சி உலையைக் காண 1994 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் தேசத்தின் படான் தீபகற்பத்தில் மார்க்கோஸ் ஆட்சிக் காலத்தில் 1976-ல் தொடங்கி, இருநூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய அணுமின் நிலையம், 1986-ல் ஆட்சியும் கவிழ்ந்து செர்னோபில் அணு உலையும் வெடித்த பின், ஒரு விளக்கைக்கூட ஏற்றாமல் பூட்டப்பட்டது. அதற்காக வாங்கிய கடனை அந்நாட்டு ஜனங்கள் 2007 வரையில் கட்டித் தீர்த்தார்கள். விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கிய பொருளால் வாங்கியவருக்கு ஒரு பயனும் விளையவில்லை. வியாபாரத்தை ஒத்துழைப்பு என்று அழைப்பதனால் அது ஒத்துழைப்பாகிவிடுவதில்லை. எங்கள் தென்கோடியில், ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி எழுந்த கூடங்குளத்து அணுமின் நிலையம் 2013-ல்தான் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் அதை எதிர்த்து அருகிலுள்ள இடிந்தகரையில் கூடிய மீனவ ஜனங்கள் கேட்ட கேள்விகளுள் முக்கியமானவை தொடர்ச்சியைப் பற்றியவையே. எரிந்து தீர்ந்த எரிபொருள் எங்கே போகும், எத்தனை தலைமுறை அதற்குக் காவல் வேண்டும், விபத்து நேர்ந்தால் கடலும் தொழிலும் என்னவாகும் என்று அவர்கள் கேட்டதை அறியாமை என்று தள்ளியவர்கள், அணு விஞ்ஞானத்தின் முதல் பாடத்தையே படிக்காதவர்கள்.

பொறுப்பு அறுந்தால் உதவும் பொருளே எமனாகிவிடும் என்பதற்குப் பிரேஸில் தேசத்துக் கொயானியா நகரம் நிரந்தர எச்சரிக்கை. கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சீஸியம்-137 இயந்திரத்தை, 1987 செப்டம்பரில், பழைய இரும்பு என்று நினைத்து இருவர் எடுத்துச் சென்றார்கள், இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியின் அழகில் மயங்கி உறவினர்களும் அயலாரும் அதைக் கையால் தொட்டார்கள், நால்வர் மாண்டனர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதிக்க நேர்ந்தது. நோயைத் தீர்க்க வந்த பொருள் அது. அதற்கு உடையவர் ஒருவர் இல்லாமற் போன நாளிலிருந்துதான் அது விஷமாயிற்று. ஆகவே கொடுப்பது மட்டுமல்ல, உரிய காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஒத்துழைப்பின் பகுதியே. கானாவின் ஆராய்ச்சி உலையில் இருந்த, ஆயுதத்துக்கும் உதவக்கூடிய செறிவுமிக்க யுரேனியம் 2017-ல் அகற்றப்பட்டு, அதை முதலில் கொடுத்த சீனாவுக்கே திரும்ப அனுப்பப்பட்டு, அதற்குப் பதிலாகச் செறிவு குறைந்த எரிபொருள் வைக்கப்பட்டது இதற்கு நல்ல முன்மாதிரி.

காவலைப் பற்றிய சந்தேகங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. சமாதான காரியங்களுக்கென்று கானடா கொடுத்த சைரஸ் உலையில் உண்டான புளுட்டோனியத்தைக் கொண்டு 1974 மே 18-ஆம் தேதி பொக்ரானில், பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத இந்தியா அணு வெடிப்பு நிகழ்த்திற்று. அது சமாதான வெடிப்பே என்று எங்கள் அரசாங்கம் சொன்னதைக் கானடா ஏற்கவில்லை. தன் ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. அணுப் பொருள்களை விற்கும் தேசங்கள் ஒன்றுசேர்ந்து கட்டுப்பாடுகளை இறுக்கின. அந்த இறுக்கத்தின் சுமையை, வெடிகுண்டைப் பற்றிக் கனவிலும் நினையாத பல ஏழை நாடுகளும் சுமந்தன என்பதை ஓர் இந்தியன் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இதிலிருந்து காவல் வேண்டும் என்ற முடிவு பிறக்குமேயன்றி, உதவி குறைய வேண்டும் என்ற முடிவு பிறவாது. கோபால்ட் இயந்திரத்திலிருந்தோ மலட்டு ஈயிலிருந்தோ மழைநீர்ப் புட்டியிலிருந்தோ எவரும் அணுகுண்டு செய்ய இயலாது. காவல் செவ்வையாக நடக்கும் அளவுக்கு, உதவியைத் தாராளமாகச் செய்வதற்கான தைரியமும் வளரத்தான் வேண்டும்.

இங்கேதான் தங்கள் முகமையின் கணக்குப் புத்தகம் என் கண்ணை உறுத்துகிறது. காவல் பணிக்கு வேண்டிய பொருளின் பெரும்பகுதி, ஒவ்வொரு தேசமும் விகிதப்படி கட்டாயமாகச் செலுத்தும் சந்தாவிலிருந்து வருகிறது. தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிதியோ, இலக்கும் பங்கும் குறிக்கப்பட்டபோதிலும், அவரவர் விருப்பத்தின் பேரில் கொடுப்பதாகவே இருக்கிறது. அந்நிதிக்கும் அப்பால், தொழில்நுட்ப ரீதியாக நல்லவை என்று அங்கீகரிக்கப்பட்டும் பொருள் இல்லாமையால் அடிக்குறிப்பில் இடம்பெற்று, எந்தத் தேசமாவது மனமிரங்கி முன்வருமா என்று காத்திருக்கும் திட்டங்கள் பல. ஒரே சாசனம் இரண்டு கடமைகளை விதித்திருக்க, ஒன்றுக்குச் சந்தா, மற்றொன்றுக்குத் தர்மம் என்று பிரித்தது நியாயந்தானா? இஷ்டப்படி கொடுப்பது இஷ்டப்படி நிற்கவும் கூடும். இஷ்டப்படி நிற்கக் கூடியதை நம்பி ஒரு தேசம் தன் புற்றுநோயாளிகளுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

இஷ்டப்படி நின்றுவிடாத கொடைக்கு எங்கள் நாட்டிலேயே பழைய முன்மாதிரி உண்டு. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்கு வேண்டிய நெய்க்காக 90 அல்லது 96 ஆடுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆடுகள் இறந்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் இன்ன அளவு நெய் அளக்க வேண்டும் என்று இடையர்களைப் பொறுப்பாக்கி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள். அறம் செய்கிறவன் தன் ஆயுளுக்கு அப்பாலும் அது நடப்பதற்கு வழி செய்தாலன்றி அறம் முற்றுப்பெறவில்லை என்பது அவர்கள் துணிபு. அணுவைப் பிளந்த யுகத்தவரான நமக்கு அந்த முன்யோசனை இல்லாதிருப்பது விந்தையே.

ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பொருள் வளம் மிக்க தேசங்களின் பிரதிநிதிகளுக்கு: தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிதியை முழுவதும் சந்தாவாக மாற்ற இன்று மனம் வராவிட்டாலும், உயிர் காக்கும் சிகிச்சை, கதிர் மூலப் பாதுகாப்பு என்னும் இரண்டு துறைகளையாவது கட்டாய வரவுசெலவின் கீழ்க் கொண்டுவாருங்கள், மற்றவற்றுக்கு ஒவ்வோராண்டும் தனித்தனியாக வாக்களிப்பதை விட்டு, ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்குச் சேர்த்து உறுதி கூறுங்கள். இரண்டாவது, பெற்றுக்கொள்ளும் தேசங்களின் பிரதிநிதிகளுக்கு: இயந்திரம் இறங்கும் நாளில் மந்திரிகள் மாலை சூடிக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பயிற்சி பெற்றுத் திரும்பும் பௌதிக விற்பன்னருக்கும் தொழில்நுட்பருக்கும் மதிப்புள்ள உத்தியோகமும் போதிய சம்பளமும் கொடுத்து வைத்துக்கொள்வதும், அடுத்த கதிர் மூலத்துக்கான தொகையை முதலாண்டிலிருந்தே வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கி வைப்பதும் தங்கள் அரசாங்கங்களின் கடமை. பிறரிடம் தொடர்ச்சியைக் கேட்கிறவர்கள் அதைத் தங்கள் வீட்டில் முதலில் காட்ட வேண்டும். மூன்றாவது, இரு சாராருக்கும் பொதுவானது: ஒரு காலத்தில் பெற்றுக்கொண்டு, இன்று கொடுக்கும் வல்லமை பெற்றுவிட்ட இந்தியா, பிரேஸில், தென்னாப்பிரிக்கா போன்ற தேசங்கள் தங்களைவிடப் பின்தங்கிய நாடுகளுக்குப் பயிற்சியையும் பராமரிப்பையும் நீண்ட கால உடன்படிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ளட்டும். ஏழ்மையின் சூட்டையும் புழுதியையும் அடிக்கடி நின்றுபோகும் மின்சாரத்தையும் அறிந்தவர்களின் உதவி, அவற்றை அறியாதவர்களின் உதவியைவிடப் பல இடங்களில் பொருத்தமாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. 1957-ல் அமலுக்கு வந்த சாசனமே போதும். அடுத்த பொது மகாநாட்டில் தாங்கள் அங்கீகரிக்கும் ஒவ்வொரு திட்டத்தின் ஏட்டிலும், முதலாண்டுச் செலவுக்கு நேராக ஆறாவது ஆண்டுச் செலவையும், அதை ஏற்கும் பொறுப்பாளியின் பெயரையும், பொருள் பயனற்றுப்போன பின் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தேசத்தின் பெயரையும் எழுதும்படி ஒரு விதி செய்யுங்கள். அந்த மூன்று இடங்களும் வெறுமையாக இருக்கும் திட்டத்தை, அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், எவ்வளவு பெரிய தேசம் அதற்குப் பரிந்து பேசினாலும், நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஆண்டுக்கு ஆண்டு தாங்கள் நிறைவேற்றும் தீர்மானத்தைச் செயலாக்குவதற்கு இதுவே முதற்படியாகும்.

இங்ஙனம்,
தங்கள் நல்லெண்ணத்தை நாடும்
சென்னைப் பிரஜை ஒருவன்